வீராயியின் ரப்பர் உருண்டை

ஐப்பசி 14, செவ்வாய். லாபிஸ் ரப்பர் தோட்டம்.

இரண்டு நாளாக மூத்திரம் போகவில்லை என்று வீராயியைக் காலையில் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தார்கள். வயது அறுபதுக்கு மேல். இன்னும் புல்வெட்டுக்குப் போகிறாள். டாக்டர் இல்லாத இங்கே வைத்தியம் பார்க்கும் டிரெஸ்ஸர் ஐயாவைக் கிட்டவே விடவில்லை. அவரை வெளியே நிறுத்திவிட்டு, மருத்துவச்சி நான்தான் பார்த்தேன்.

கர்ப்பப்பை இறங்கியிருந்தது. அதைத் தாங்க உள்ளே ஓர் உருண்டை வைத்திருந்தாள். எண்ணெய் தடவி மெதுவாக எடுத்தேன். கோப்பையில் உறைந்த ரப்பர் பாலை உருட்டி, துணி சுற்றித் தானே செய்ததாம். எடுத்ததும் மூத்திரம் வந்துவிட்டது. பாய் நனைந்தது. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"எத்தன வருஷமா வச்சிருக்கீங்க?"

"கடைசிப் புள்ள பொறந்ததுலேருந்து, தாயி. வயசாக ஆக சின்னது நிக்க மாட்டேங்குது. போன வாரம் பெருசா உருட்டுனேன்."

வாசலிலிருந்து ஐயா கேட்டார். "மூத்திரம் போச்சா?"

"போச்சுங்க."

நோட்டில் 'குணம்' என்று எழுதிக்கொண்டார்.

ஒரு வாரம் படுத்திருக்கச் சொன்னேன். அவள் அந்த உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு விடியக்காலம் பெரட்டுல பேரு கூப்புடுவாங்க. நிக்கலன்னா அன்னிக்குக் கூலி இல்ல. அது இல்லாம எப்படித் தாயி குனியறது? குடுத்துருங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. உருண்டையை வெந்நீரில் கழுவினேன். மூத்திரத்தை அடைக்காத அளவுக்குக் கத்தியால் சுற்றிலும் செதுக்கிச் சின்னதாக்கினேன். புதுத் துணி சுற்றி அவள் கையில் கொடுத்தேன்.

சோப்பு போட்டும் விரலில் ரப்பர் வாடை போகவில்லை. நோட்டில் குணம் என்றே இருக்கிறது.