சனிக்கிழமை கையெழுத்துப் போடாதே

மார்ச் 12, செவ்வாய். மாலை ஐந்து நாற்பது. வீட்டில் இருக்கும் பாட்டில்கள்: பூஜ்யம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நீ ஒளித்து வைத்திருந்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதுவது. அண்ணி நலம், உன் மகள் வாலு நலம், நானும் நலம். உன் உடம்பைப் பற்றிக் குடிமீட்பு மையத்து அலுவலகத்துக்குப் போன் போட்டு விசாரித்தேன். நடுக்கம் நின்றுவிட்டது, இரவில் தூங்குகிறாய், சாப்பாட்டைக் குறை சொல்கிறாய் என்றார்கள். குறை சொல்ல ஆரம்பித்துவிட்டாய் என்றால் தேறிவிட்டாய். கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிற இடம் என்பதால்தான் கடிதம். நான் கடைசியாக எழுதியது பள்ளிக்கூடப் பரீட்சையில் ஒரு விடுப்பு விண்ணப்பம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். கூரியரில் போடுகிறேன், வியாழனுக்குள் கிடைத்துவிடும்.

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. நேற்று அலுவலகப் போனில் அண்ணியிடம், “என்னால முடியல, சனிக்கிழமை என் பொறுப்புல போறேன்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுறேன்” என்று சொன்னாயாம். அதை என்னிடம் சொல்லிவிட்டு அண்ணி அடுப்பைப் பற்றவைத்தார். மேலே எதையும் வைக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார். உனக்குக் கொடுக்கும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து முடிக்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. டாக்டரும் மருந்தும் இல்லாமல் குடியை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை இந்த வீட்டில் எல்லோரும் ஒரு தடவை பார்த்துவிட்டோம்.

அந்தத் தடவை நடந்ததற்கு நான்தான் காரணம். ரத்தப் பரிசோதனையில் உன் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று வந்த அன்றே லீவு போட்டேன். பாட்டில்களைச் சாக்கடையில் கொட்டினேன். வாசல் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் தீர்ந்தது என்பது என் கணக்கு. யாரையும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் உனக்கு வியர்த்துக் கொட்டியது. சுவரெல்லாம் எறும்பு ஊருது, துடைச்சு விடுடா என்றாய். சுவரில் ஒன்றும் இல்லை. நான் “நடிக்காத” என்றேன். அரை மணி நேரத்தில் வலிப்பு வந்து சமையலறையில் விழுந்தாய்.

மருத்துவமனையில் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். “இத்தனை வருஷமா தினமும் குடிச்ச உடம்புப்பா. திடீர்னு நிறுத்தினா உயிரே போயிருக்கும். டாக்டர் பக்கத்துல இருந்து மருந்து கொடுத்து நிறுத்த வேண்டியது. படிச்சவன்தானே நீ?” என்றார். படித்தவன்தான். கண்ணாடித் தொழிற்சாலையில் உலையின் சூட்டைக் கட்டுப்படுத்துவது என் வேலை. உலையை நிறுத்த வேண்டுமென்றால் நாள் கணக்கில், படிப்படியாகச் சூட்டை இறக்குவோம். சட்டென்று அணைத்தால் உள்ளே இருக்கும் செங்கல்லெல்லாம் பிளந்துவிடும். அவசரப்பட்டு யாராவது பொத்தானில் விரல் வைத்தாலே கத்துகிற ஆள் நான். செங்கல்லுக்குக் காட்டிய பொறுமையை உனக்குக் காட்டவில்லை. மன்னித்துக்கொள் என்று எழுதிப் பார்த்தேன், போதாமல் இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். மன்னித்துக்கொள்.

உன்னை அங்கே விட்ட அன்று காரிலிருந்து இறங்கும்போது, “பெரிய யோக்கியன் மாதிரி பேசாதடா. வெள்ளிக்கிழமையானா நீ என்ன பாலா குடிக்கிற?” என்று கேட்டாய். எனக்கு ஆத்திரமாக வந்தது. திரும்பும் வழியெல்லாம் உனக்கு ஒரு நல்ல பதில் தேடினேன். வெள்ளிக்கிழமை மட்டும்தான் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். யோசித்தால், ஆட்டம் பார்க்கிற ஞாயிறும் உண்டு. ஷிஃப்ட் முடிந்த அலுப்பு தீர என்று செவ்வாயும் உண்டு. யாராவது கடுப்பேற்றினால் அன்றைக்கும் உண்டு. என்னைக் கடுப்பேற்றாத நாள் ஏது? இன்று செவ்வாய். அதனால்தான் இந்த நேரத்தில் உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போன வெள்ளி வழக்கமான கூட்டத்தோடு போய் உட்கார்ந்து சோடா கேட்டேன். பேக்கிங் பிரிவில் இருக்கிறானே, முப்பது வயதில் தலை நரைத்துப்போன நம் ‘தாத்தா’, அவன் உடனே, “என்ன மாப்ள, மாத்திரை சாப்பிடுறியா, இல்ல சாமியாரா போகப்போறியா?” என்றான். மேசையே சிரித்தது. பல் வலிக்கு மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கூசாமல் பொய் சொன்னேன். அதற்குப் பிறகுதான் விட்டார்கள். குடிக்கிறவனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. குடிக்காதவன்தான் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. விட்டுப் பார்த்தேன், முடியலடா என்று நீ சொன்னபோதெல்லாம் கதை விடாதே என்றிருக்கிறேன். இனிச் சொல்ல மாட்டேன்.

டாக்டரம்மாவிடம் என் விஷயத்தையும் கேட்டேன். உனக்கு ஒரு சொட்டும் கூடாதாம். எனக்கு இப்போதைக்குக் குறைத்துக்கொண்டால் போதுமாம். அடுத்தடுத்த நாள் குடிக்கக் கூடாது, அலுப்புக்கு மருந்து மாதிரி குடிக்கவே கூடாது என்றார். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்கு இரண்டு சட்டமா என்று உனக்கு எரியும். நியாயம்தான். முழுசாக விட்டுவிட்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும், ஆனால் அது பொய். குறைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்றோடு எழுந்து வந்தேன். எழுந்து வர எரிச்சலாகத்தான் இருந்தது. காலையில் தலை பாரம் இல்லை.

வேலை போய்விடும் என்று பயந்துதான் கிளம்புகிறாய் என்றால், பயப்படாதே. கிடங்கு மேலாளரைப் பார்த்தேன். டாக்டர் எழுதிக் கொடுக்கும்வரை நீ ஓட்டுகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் உன்னை ஏற்ற மாட்டார். சரக்கு சரிபார்க்கிற மேசையில் உட்கார வைக்கிறேன் என்றார். “ஆளு முதல்ல நல்லாகி வரட்டும்யா, வண்டி எங்க ஓடிடப் போகுது” என்றும் சொன்னார்.

வாலுவைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். உனக்குத் தெரியாமல் இருப்பது சரியில்லை. தினமும் பள்ளிக்குக் கிளம்பும் முன் இரண்டு கையையும் நேராக நீட்டிப் பார்க்கிறாள். ஏன் என்று கேட்டேன். “அப்பாவுக்கு முதல்ல கைதானே சித்தப்பா ஆடுச்சு” என்றாள். என் கையையும் நீட்டச் சொன்னாள். நீட்டினேன், ஆடவில்லை. அவள் நம்பவில்லை, இன்னொரு தரம் நீட்டச் சொன்னாள். நான் என்ன சொல்லியும் இது நிற்கவில்லை. நீ நல்லபடியாக வந்து நின்றால்தான் நிற்கும்.

முடியவில்லை என்றால் அங்கே இருக்கும் டாக்டரிடம் சொல். அண்ணியிடம் அழு. எனக்கு நாலு பக்கம் திட்டி எழுது. கையெழுத்து மட்டும் போடாதே அண்ணா. உடம்பைப் பார்த்துக்கொள். எனக்கு இருப்பது நீ ஒருத்தன்தான்.

இப்படிக்கு,
உன் தம்பி

இனி நான் செய்யப்போவதைக் கீழே எழுதியிருக்கிறேன். எண் போட்டால்தான் எனக்கு வேலை ஓடும்.

1. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் அங்கே வருகிறேன். பார்வையாளர் நேரம் வரும்வரை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

2. நீ என்னைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பினால் திரும்பிப் போய்விட்டு, அடுத்த சனிக்கிழமை வருவேன்.

3. திட்டினால் கேட்டுக்கொள்வேன். பதில் இருந்தாலும் வாயைத் திறக்க மாட்டேன். இந்த வரிசையிலேயே எனக்குக் கஷ்டமானது இதுதான்.

4. டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்கிற அன்று கார் பிடித்துக்கொண்டு வருவேன். உன்னைச் சேர்க்க வந்தபோது, இறங்கி ஓடிவிடுவாயோ என்று எனக்கும் அண்ணிக்கும் நடுவில் இடுக்கி உட்கார வைத்தேன். திரும்பும்போது கதவுப் பக்கம் நீ உட்கார்.