பச்சைக்கோடு விழுந்த சனிக்கிழமை

அண்ணை,

இன்று காலை என் கைபேசி, கேளாமலே ஒரு பழைய படத்தை எடுத்து முன்னே வைத்தது. ஈஸ்ட் தொழிற்சாலையின் கணினித் திரை, அதில் சிவப்பும் பச்சையுமாக இரண்டு கோடுகள், ஓரத்தில் உங்கள் பெருவிரல். நீங்கள் எனக்கு அனுப்பிய படம்.

அடுத்த ஞாயிறு உங்கள் முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி. நினைவு மலருக்கு வேலைத்தல நினைவுகளை எழுதித் தரும்படி உங்கள் மனைவி கேட்டிருந்தார். "நீங்கள்தானே தம்பி அவருக்கு அந்த வேலையை எடுத்துக் குடுத்தனீங்கள்" என்றார். சிரித்த முகம், நேரம் தவறாத மனிதர் என்று மூன்று நாளாக எழுதி எழுதி அழித்தேன். அதெல்லாம் பொய்யில்லை. எழுதத்தான் எனக்குத் தகுதியில்லை.

ஈஸ்ட் வளரும் தாங்கிக்குள் அந்தப் புரோப்பை, அந்த உணர்கருவியை, போடவைக்க மனேஜரை நான் எவ்வளவு நச்சரித்தேன் என்று உங்களுக்குத் தெரியும். கலங்கலை அளக்கும் சிவப்புக்கோட்டுக்கு உயிருள்ள ஈஸ்ட்டும் செத்த ஈஸ்ட்டும் ஒன்றுதான். இந்தப் புரோப் மெல்லிய மின்சாரம் செலுத்திப் பார்க்கும். உயிருள்ள செல்லின் தோல் மின்னைப் பிடித்துவைக்கும், செத்தது விட்டுவிடும். அதனால் பச்சைக்கோடு உயிரோடிருப்பதை மட்டும் காட்டும். கண்ணை நம்பாமல் பச்சையை நம்புங்கள் என்று பெரிய பண்டிதர் போல எல்லோருக்கும் வகுப்பெடுத்தேன். நம்பியவர் நீங்கள் ஒருவர்தான்.

அந்தச் சனிக்கிழமை மெரிலேண்ட்ஸ் மைதானத்தில் என் மகளின் நெட்போல் இறுதியாட்டம். ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில், தாங்கியடியில் வேலையில் இருந்த நீங்கள் அழைத்தீர்கள்.

"தம்பி, பச்சை விழுகுது. சிவப்பு அப்பிடியே நிக்குது. படம் அனுப்பியிருக்கிறன், பாரும்."

"புரோப்பில நுரை பிடிச்சிருக்கும் அண்ணை. விடுங்கோ."

"இல்லைத் தம்பி, சாகுது போலத்தான் கிடக்கு. நிப்பாட்டட்டோ? உம்மட சொல்லில்லாமல் எனக்கு நிப்பாட்டேலாது."

"ஐயோ, திங்கள் பாப்பம்" என்று எரிந்து விழுந்து வைத்துவிட்டேன். படத்தைத் திறக்கவுமில்லை.

கழுவும் மருந்து ஒரு வால்வு வழியாகத் தாங்கிக்குள் கசிந்திருந்தது. திங்களன்று தாங்கி நிறையச் செத்த ஈஸ்ட்.

யாருக்காவது அறிவித்தீர்களா என்று மனேஜர் உங்களைக் கேட்டார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். எனக்கு அழைப்பு எதுவும் வரவில்லை என்று நான் முந்திக்கொண்டேன். உங்கள் கை காற்சட்டைப் பைக்குள் போனது. எனக்கு அழைத்ததும் அனுப்பிய படமும் பதிவான கைபேசி அங்கேதான் இருந்தது. கை வெறுமையாக வெளியே வந்தது. "மறந்துபோனேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னீர்கள். வேலை எடுத்துத் தந்தவன் என்ற நன்றியா? தற்காலிக விசாக்காரன் எதிர்த்துப் பேசக்கூடாதென்ற பயமா? நான் கேட்கவேயில்லை. அந்த வாரமே உங்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கார் நிறுத்துமிடத்தில் "போட்டு வாறன் தம்பி" என்று மட்டும் சொன்னீர்கள்.

இப்போதெல்லாம் யார் அழைத்தாலும் ஓடிப்போய்த் தாங்கியடியில் நிற்கிறேன். பொறுப்பான என்ஜினியர் என்று பெயர். அதைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

செத்தவீட்டில் அக்கா, உங்கள் மனைவி, என்னைத் தனியே கூப்பிட்டார்.

"உண்மையா அவர் சொல்ல மறந்துதான் போனவரோ தம்பி? அவர் மறக்கிற ஆளில்லையே. கேட்டால், அதை விடு எண்டுதான் சொல்லுவார்."

உங்கள் சவப்பெட்டி பக்கத்து மண்டபத்தில் இருந்தது. "ஓம் அக்கா, மறந்துதான் போனவர்" என்றேன். முதல் தடவை வேலை போய்விடும் என்று பயந்து பொய் சொன்னேன் என்றாவது சொல்லலாம். இதற்கு என்னிடம் ஒரு சாட்டுமில்லை, அண்ணை. வெட்கம் மட்டுந்தான் இருக்கிறது.

மலர் நாளை அச்சுக்குப் போகிறது. இன்று பின்னேரம் டூங்கபியில் உங்கள் வீட்டுக்குப் போய் இந்த மடலை அக்காவுக்கு வாசித்துக் காட்டப்போகிறேன். அவர் சம்மதித்தால் இது மலரில் வரும், ஞாயிற்றுக்கிழமை பந்தியில் இருக்கும் எல்லோரும் வாசிப்பார்கள், என் மகள் உட்பட. மேலே என் முழுப்பெயர் இருக்கும். கீழே, நீங்கள் அன்று பையிலிருந்து எடுக்காத அந்தப் படம்.