சந்தனப் பொட்டுக்கு அடியில்

மாப்ளே, இன்று காலை பஸ் ஸ்டாண்டு சலூனில் பாதி முகத்துச் சோப்போடு எழுந்து வந்துவிட்டேன். எதிர்ச் சுவரில் ஒரு பழைய காலண்டர். அதில் முருகனுக்கு உதடெல்லாம் நீலம். "ஏனுங்க, பாதியில எந்திரிச்சுட்டீங்க?" என்றான் கடைக்காரன். நீ ஞாபகத்துக்கு வந்துவிட்டாய் என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம், உன் லாரி ஆபீஸ் காலண்டரில் சாமி படத்துக்குப் பதிலாக உன் படத்தையே போட்டாய். "சாமிக்கு ஆயிரம் காலண்டர் இருக்குது. எனக்கு ஒண்ணு இருந்துட்டுப் போவட்டுமே" என்றாய். சிவகாசிக்கு உன்னோடு வந்தவன் நான். படிப்பு ஆறாம் வகுப்போடு சரி; ஆனாலும் அச்சக முதலாளியே என்னைக் கேட்டுத்தான் மை கலந்தார். நாமக்கல் முழுக்க உன்னைப் பார்த்துச் சிரித்தது.

அந்த வருஷம் முடியும் முன்பே நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். ஸ்டுடியோவில் நெகட்டிவ் பூசணம் பிடித்துவிட்டது என்றார்கள். ஊரார் காலண்டரைக் கிழித்துப் புத்தகத்துக்கு அட்டை போட்டுவிட்டார்கள். உன் சம்சாரம் எனக்குத் தங்கச்சி மாதிரி; அவளிடம் மிஞ்சியது ஒன்றே ஒன்று. மகள் அப்போது கைக்குழந்தை. அப்பன் முகம் என்றால் அவளுக்கு அந்தத் தாள்தான்.

கண்ணாடி போட்டு ஜன்னலுக்கு எதிரே மாட்டினோம். சாயங்கால வெயில் உன்னைத் தின்னத் தொடங்கியது. சிவப்பு முதலில் போகும், பின்னாலேயே மஞ்சள். நீலமும் கறுப்பும்தான் கடைசிவரை நிற்கும். மை விஷயத்தில் என்னை மிஞ்ச சேலம் ஜில்லாவில் ஆளில்லை.

"அண்ணா, அவரு மொகம் நாளுக்கு நாள் மாறுதுங்க" என்றாள் தங்கச்சி.

"பொட்டியில வெச்சுப் பூட்டு சாமி. இருட்டுல இருந்தா அப்படியே கெடக்கும்."

"பூட்டி வெச்சா புள்ள யாரப் பாத்து வளருவா?"

ஓர் அமாவாசையன்று கண்ணாடியைக் கழுவ, உன் நெற்றிச் சந்தனத்தைத் துடைத்தாள். கண்ணாடிமேல் தினமும் பொட்டு வைத்து வெயில் படாத இடத்தில், விரல் நுனி அளவுக்கு, அச்சான அன்றைய நிறம் அப்படியே இருந்தது. வெளிறிய முகத்தில் அது மட்டும் உயிரோடு எங்களைப் பார்த்தது. கொல்லிமலையில் கரடியை அதட்டியே விரட்டியவன் நான்; அன்று வாசல்வரை முதுகைக் காட்டாமல் பின்னோக்கியே நடந்தேன்.

தங்கச்சி பயப்படவில்லை. மறுநாளிலிருந்து பொட்டைப் பெரிதாக்கினாள். நெற்றி, கண், மூக்கு, வாய். கடைசியில் கழுத்துக்கு மேல் முழுக்கச் சந்தனம். வீட்டுக்கு வந்தவர்கள் படத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார்கள்.

மகள் பெரியவளாகிச் சீர் வைத்த அன்று, தங்கச்சியே ஈரத்துணியால் துடைத்தாள். சட்டையும் பின்னால் நின்ற லாரியும் முழு நீலம். காவிரியில் கழுத்தளவு இறங்கி நிற்கிறவன் மாதிரி முகம் மட்டும் வெளியே, வெளிறி, உதடு நீலம் பாரித்து. நெற்றியில் அந்த வட்டம்.

பிள்ளை வெகுநேரம் பார்த்தாள். "இதுல எதுங்க மாமா அப்பா நெறம்?"

ஒன்றைப் பத்தாக்கிச் சொல்கிற வாய் இது. அன்று உள்ளதை மட்டும் சொல்ல நினைத்தேன். கண்ணை மூடித் தேடினேன். டீக்கடையில், லாரி கேபினில், என் கல்யாணப் பந்தலில், எங்கே பார்த்தாலும் நீல உதட்டோடு நிற்கிறாய்.

"அந்தப் பொட்டு எடந்தான் சாமி" என்று எப்படியோ சொல்லிவிட்டேன். அவள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தங்கச்சி மறுபடி சந்தனம் குழைக்க உட்கார்ந்தாள்.

எனக்குள் இருக்கிற உனக்குப் பொட்டு வைக்கத்தான் யாருமில்லை, மாப்ளே.