மறுபக்கத்து ஏணி

ஜூன் 4, வியாழன்

பித்தளைத் தகட்டில் முதல் வெட்டு. நூலகப் புத்தகம் "நேராக அறுக்கவும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. எனக்கு ஒரு மாலை முழுக்கப் போயிற்று. தகடெல்லாம் அப்பாவின் பெயர்ப்பலகைக் கடையில் மிஞ்சிய துண்டுகள். நான் செய்யும் மாதிரி எஞ்சினின் உட்சுவரில் யாரோ ஒருவரின் பாதிப் பெயர் இருக்கும்.

செய்வது, எங்கள் ஜன்னலுக்கு எதிரே ஆலைத் தண்டவாளத்தில் சரக்குப் பெட்டி இழுக்கும் குட்டி எஞ்சினைப் பார்த்து. முன்னே போகும், பின்னே வரும், திரும்பவே திரும்பாது. எங்களுக்கு எப்போதும் இடப்பக்கம்தான். வலப்பக்கம் அந்தப்புறத்து ஆலை மதிலைப் பார்த்தபடியே இருக்கும். மதிலுக்கு அப்பாலுள்ள மாடி வீடுகளிலிருந்து மட்டும் தெரியும். அதில் ஒரு மாடி அக்காவுடையது.

அப்பாவைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டு போனவள். அவள் பேச்சை எடுத்தாலே அப்பா எழுந்து போய்விடுகிறார்.

ஜூன் 9, செவ்வாய்

ஒன்றைப் பற்றவைத்தால் நேற்றுப் பற்றவைத்தது சூட்டில் கழன்று விழுகிறது. ஈரத்துணி சுற்றினேன். நின்றது.

ஜூன் 14, ஞாயிறு

இரண்டு பக்கமும் முடிந்தது. வலப்பக்கத்தையும் இடப்பக்கம் போலவே செய்துவிட்டேன். வேறென்ன செய்ய? சமையலறையில் அம்மாவின் போனிலிருந்து அக்காவுக்குப் படம் அனுப்பினேன். உடனே கூப்பிட்டுச் சிரித்தாள்.

"அடியே வாத்தியாரம்மா, இந்தப் பக்கம் கதவே கிடையாது. ஏணிதான்."

"எத்தனை படி?"

"மூணு... அது எங்க ஒரு இடத்துல நிக்குது, எண்ண?"

எப்போது வருவாய் என்று கேட்க வாயெடுத்து, ஏணியின் அகலத்தைக் கேட்டேன்.

ஜூன் 15, திங்கள்

பிரித்தேன். கூரையும் சேர்ந்து விழுந்தது. அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தானே இருந்துச்சு?"

"அந்தப் பக்கம் கதவு இல்லப்பா. ஏணி."

"உனக்கெப்படித் தெரியும்?"

அம்மா கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். அப்பா எழுந்து போகவில்லை — இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

ஜூன் 23, செவ்வாய்

ஏணி நின்றுவிட்டது. மூன்று படி. அலமாரியில் வலப்பக்கம் தெரிய வைத்திருக்கிறேன். காலையில் எழுந்ததும் அக்கா பார்ப்பது இதைத்தான். நானும் பார்க்கிறேன். ஆனாலும் —

ஜூன் 28, ஞாயிறு

காலையில் அப்பா இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். மதியம் சாப்பிட வரவில்லை. "கடையில வேலை இருக்கும்" என்றாள் அம்மா. கடைச் சாவி ஆணியில் தொங்கியது.

சாயங்காலம் வந்தவர் செருப்பைக் கழற்றியதும் நேரே அலமாரிக்குப் போனார். எஞ்சினை எடுத்து, ஏணியை விரலால் தடவினார்.

"நாலு படிடி. கடைசிப் படி கறுத்துக் கிடக்கு, சட்டுனு தெரியாது. உங்கக்காவுக்கு எதைத்தான் நிதானமாப் பார்க்கத் தெரியும்?"

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

நான் நான்காவது படிக்குக் கம்பி வெட்ட உட்கார்ந்தேன். இரண்டு முறை வீணாயிற்று.