ஆமான் வேஷமும் அப்பாவின் இருமலும்

சவாயித் தீவு,
வெள்ளை ஞாயிற்றுக்கு மறுநாள்.

அன்புள்ள ஃபெலேட்டி அண்ணனுக்கும், லூபே அண்ணிக்கும், இன்னும் என் முகத்தைப் பார்க்கும் பாக்கியம் கிடைக்காத என் மருமகனுக்கும் சியேனி எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். பன்றி மிகமிக நலம்.

போனில் சொன்னால் அப்பா காதில் விழும். ஆக்லாந்து வரும் சித்தியின் பையில் இதைத் திணித்துவிடுகிறேன்.

குழந்தை பிறந்த சேதி வந்த அன்று அப்பாவை நீ பார்த்திருக்க வேண்டும். சர்ச் படியில் நின்று, "எம் பேரன் வந்துட்டான், எம் பேரோட வந்துட்டான்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். மனுவேலே என்ற தன் பெயரைக் குழந்தைக்கு யாரும் வைக்கவில்லை, அவரே வைத்துக்கொண்டார். விருந்துக்குப் பன்றியையும் பிடித்துக் கட்டினார். அப்புறம்தான் நீ அம்மாவைக் கூப்பிட்டு, அண்ணியின் அப்பா பெயரை, பேனி என்று, வைத்துவிட்டதாகச் சொன்னாய். அப்பா எழுந்து போய்ப் பன்றியை அவிழ்த்துவிட்டார்.

அன்றிலிருந்து அப்பா சொல்லும் மாலை ஜெபத்தில் உன் பெயர் இல்லை. அத்தைகள் பெயர் வருகிறது, கால் ஒடிந்த பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூட வருகிறது. உன் முறை வந்ததும் ஒரு இருமல். அம்மா கண்ணைத் திறந்து அவரை முறைப்பாள். கண்ணைத் திறந்ததற்குத் திட்டு மட்டும் எனக்கு.

வெள்ளை ஞாயிறு பைபிள் நாடகத்தில் எனக்கு, ராஜாவின் கர்வம் பிடித்த மந்திரி ஆமான் வேஷம். ஊரே ஆமானுக்கு ஆமாம் போடுகிறது, மொர்தெகாய் ஒருவன் மட்டும் அரண்மனை வாசலில் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறான். ராணி விருந்துக்கு அழைத்த குஷியில் துள்ளி வருகிற ஆமானுக்கு அவனைக் கண்டதும் முகம் கறுக்க வேண்டும். "கோபப்படுடி, வயித்துவலிக்காரி மாதிரி நிக்காதே" என்று ஒத்திகையில் போதகர் மனைவி திட்டினார். நாடகத்தன்று சர்ச்சில் எனக்குத் தெரிந்த கோபத்தைக் காட்டினேன். இடுப்பு முடிச்சை இறுக்கினேன், கன்னத்தை உப்பினேன், ஒரு இருமல் இருமினேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

அன்று பிள்ளைகள் உட்கார, பெரியவர்கள் பரிமாறும் நாள் இல்லையா? அப்பாவே என் தட்டைக் கொண்டுவந்தார். தொலைந்தேன் என்று நினைத்தேன். பக்கத்தில் நின்று ஈ விசிறியபடி, "ஏண்டி, அந்த ஆமானுக்குத்தான் எல்லாமே இருந்துச்சே. அப்புறம் என்ன கேடு?" என்றார். "ஒருத்தன் எந்திரிக்கலப்பா, அதான்" என்றேன். "அந்த ஒருத்தனுக்கும் ஏதாவது காரணம் இருந்திருக்கும்ல" என்று விசிறிக்கொண்டே இருந்தார். தட்டில் ஈயே இல்லை. பிறகு மெதுவாக, "பையனுக்குத் தலை நிறைய முடியாமே?" என்றார்.

அண்ணியின் அப்பாவை அடக்கம் செய்த ஈரம் காயுமுன் பிறந்த குழந்தை என்பது அவருக்கும் தெரியும், அண்ணா. ஆனால் ஊரறியச் சொன்ன வாயோடு அந்தச் சர்ச் படியைத்தான் தினமும் ஏற வேண்டியிருக்கிறது.

நேற்று மாலை ஜெபத்தில், "கடல் தாண்டி இருக்கிற சின்னவனையும், அவனைத் தூக்கி வச்சிருக்கிறவங்களையும் காத்தருளும்" என்றார். பெயர் சொல்லவில்லை. இருமவும் இல்லை.

பெயரை மாற்றச் சொல்லவில்லை. விளக்கமும் வேண்டாம். வருகிற ஞாயிறு ஜெபம் முடிகிற நேரத்துக்குக் கூப்பிடு. எனக்குக் கை ஈரமாக இருக்கும், அம்மாவுக்கும் ஈரமாக இருக்கும், அப்பாதான் எடுப்பார். நீ ஒன்றும் பேசாதே. குழந்தையைக் கொஞ்சம் அழவிடு.

கர்த்தர் உங்கள் மூவரையும் காப்பாராக. பன்றியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கயிறும் கையுமாக,
உன் தங்கை சியேனி