செஞ்சி மலைக்குத் தூக்கிப்போன அரிசி

ஞாயிறு, இரவு.

செஞ்சியில் மூன்று மலையும் ஒரே நாளில் ஏறி இறங்கியாயிற்று. அடுத்த மாதம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேரப்போகிற என் நண்பன் சேகருக்காகத்தான் போனோம். சுமை தூக்கிப் பழக வேண்டுமென்று முதுகுப்பையில் பத்து கிலோ அரிசி கொண்டுவந்திருந்தான். முதல் மலையிலேயே அவனுக்கு மூச்சு வாங்கியது. பையை நான் வாங்கிக்கொண்டேன். மற்ற இரண்டு உச்சிக்கும் அது என் முதுகில்தான் போனது.

கடைசி உச்சியில் பாறைமேல் படுத்துக்கொண்டு சொன்னான்:

"பட்டாளத்துக்கு நீதான்டா பாஸு. ஆனா பிரெஞ்சு நேஷனாலிட்டி எங்க வீட்டுக்குத்தான இருக்குது."

"ஆமாண்டா" என்றேன்.

புதுச்சேரியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், "அரிசிய நீயே எடுத்துட்டுப் போடா" என்று சொல்லிவிட்டு உப்பளத்திலிருக்கும் தன் வீட்டுக்கு நடந்தான்.

அம்மா அதை டப்பாவில் கொட்டிவிட்டாள். நாளைக்கு அந்தச் சோறுதான்.