வீட்டுக்கு மூன்று நட்சத்திரம்

மார்ச் 3

அன்புள்ளவருக்கு,

இங்கே நலம். அங்கே நீங்கள் நலம் என்பது தெரியும். எங்கே சாப்பிட்டீர்கள், எங்கே சட்டை வெளுக்கப் போட்டீர்கள் என்பதையெல்லாம் உங்கள் செயலி சொல்லிவிடுகிறது. பிடித்த இடங்களைச் சேர்த்துவைக்கும் செயலி என்று என் போனிலும் அதை ஏற்றச் சொன்னது நீங்கள்தான். போனில் பேசினால் சண்டையாகிறது, கடிதமே எழுதுவோம் என்றதும் நீங்கள்தான். அதனால் எழுதுகிறேன்.

ஓட்டலுக்கு ஐந்து நட்சத்திரம். சலவைக்கடைக்கு ஐந்து. பஸ் நிலையக் கழிப்பறைக்கு நான்கு. நம் வீட்டுக்கு மூன்று.

கீழே கருத்து வேறு: "அமைதியான பகுதி. முன்னறையில் உட்கார இடம் கிடைப்பது கடினம். குழாயில் தண்ணீர் மெதுவாக வரும். உபசரிப்பு பரவாயில்லை."

செயலி இதை உங்களுக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் அனுப்பியிருக்கிறது. "பயனுள்ள கருத்து" என்ற பொத்தானை உங்கள் தங்கை அழுத்தியிருக்கிறாள். என் அண்ணனும் அழுத்தியிருக்கிறார். முன்னறையில் இடம் இல்லாததற்குக் காரணமே தான்தான் என்பது அவருக்கு உறைக்கவில்லை. "மாப்ள சரியாத்தான் எழுதியிருக்காரு, குழாயைப் பாக்கணும்" என்று அங்கே படுத்தபடியே சொன்னார்.

பத்து நாள் என்று வந்தவர் இங்கேயே தங்கிவிட்டதும், அவர் வந்த எட்டாம் மாதம் நீங்கள் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனதும் நமக்குள் இருக்கிற விஷயம். ஊருக்குப் பலகை மாட்ட வேண்டியதில்லை. உடனே மாற்றவும்.

இப்படிக்கு,
உங்கள் பரவாயில்லை ரகத்து மனைவி

மார்ச் 9

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

உன் கோபம் நியாயம். என் பக்கத்தையும் கேள்.

பிடித்த இடம் என்பதால்தான் வீட்டைச் சேர்த்தேன். நட்சத்திரம் போடாமல் சேர்க்க முடியாது என்றது. போட்டதும், கருத்து எழுது என்றது. "வீடு" என்று எழுதினேன். போதாதாம், விரிவாகச் சொன்னால் மற்றவர்களுக்கு உதவுமாம். வேலை முடிந்து அலுத்து வந்திருந்தேன், உன் அண்ணன் ஞாபகமும் வந்து தொலைத்தது. எழுதினேன். ஐந்து போட நினைத்தேன் என்றால் நீ நம்பமாட்டாய். நான்கு போட நினைத்தேன். விரல் மூன்றில் நின்றுவிட்டது.

மாற்றப் பார்த்தேன். "நீங்கள் இப்போது இந்த இடத்தில் இல்லை. நேரில் வந்து மாற்றவும்" என்கிறது. பொய்க் கருத்தைத் தடுக்கும் ஏற்பாடாம். உதவி மையத்துக்கு எழுதினேன். இடத்தின் உரிமையாளரிடம் பேசித் தீர்த்துக்கொள்ளும்படி பதில் வந்தது.

இங்கே இரண்டு கட்டடத்தில் லிஃப்ட் நின்று கிடக்கிறது. என்னை விட்டால் பார்க்க ஆளில்லை. பிறகு பார்க்கலாம்.

உன்
வீட்டுக்காரர்

மார்ச் 14

அன்புள்ளவருக்கு,

உரிமையாளர் எழுதுவது. செயலி சொல்வது சரி. நம் இருவருக்கும் நடுவில் உருப்படியாகப் பேசியது இதுவரை அது ஒன்றுதான்.

நேரில் வந்து மாற்றுங்கள். இருபத்து மூன்றாம் தேதி, சனிக்கிழமை, கிளினிக்கில் லீவு சொல்லியாயிற்று. வீட்டில்தான் இருப்பேன். லிஃப்ட் ஓடாவிட்டால் ஜனங்கள் படியேறட்டும். உடம்புக்கு நல்லது.

காத்திருக்கும்
உங்கள் மனைவி

மார்ச் 25

அன்புள்ளவருக்கு,

ஐந்து நட்சத்திரம் வந்து சேர்ந்தது. ஆள் வரவில்லை.

சனிக்கிழமை கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் போன் சத்தம் போட்டது. வீட்டின் மதிப்பு உயர்ந்துவிட்டதாம், எனக்கு வாழ்த்தாம். மறுநாள் தேய்த்த துணி வாங்கப் போனபோது தெருமுனை இஸ்திரிக்காரர் சொன்னார்: "சார் வந்தாரேம்மா. இங்கதான் நின்னு போனைத் தடவிக்கிட்டிருந்தாரு. ரெண்டு தடவை வீட்டுப் பக்கம் எட்டிப் பாத்தாரு. அப்புறம் பஸ் ஏறிட்டாரு."

அந்தச் செயலிக்குத் தெருமுனை வரை வீடுதானாம். உங்களுக்கும் அப்படித்தான் போலிருக்கிறது.

எதைப் பார்த்துத் திரும்பினீர்கள் என்று தெரியும். வாசலில் அண்ணன் வண்டி நின்றது. வண்டி மட்டும்தான் நின்றது. அண்ணன் புதன்கிழமையே வாடகைக்கு அறை பார்த்துப் போய்விட்டார். நீங்கள் வருகிறீர்கள் என்று நான்தான் அனுப்பினேன். "ஒரு ஆப்புக்காகக் கூடப்பொறந்தவனைத் தொரத்துறியா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார். வண்டி பஞ்சர் என்பதால் விட்டுப்போனார். முன்னறை காலியாக இருந்தது. உங்கள் நாற்காலியை ஜன்னலோரம் போட்டிருந்தேன். குழாய்க்கும் வாஷர் மாற்றியிருந்தேன்.

செயலியில் உரிமையாளருக்கென்று ஒரு பொத்தான் இருப்பதை இன்றுதான் பார்த்தேன். "இந்த இடம் நிரந்தரமாக மூடப்பட்டது." அழுத்திவிட்டேன். அதற்கு மட்டும் கருத்து எதுவும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
நான்

மார்ச் 28

அன்புள்ளவளே,

உன் கடிதத்தை ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவே நின்றுபோன லிஃப்டுக்குள் இருந்து படித்தேன். பொருத்தமான இடம்தான்.

உன் அண்ணனுக்குப் பயந்தேன் என்றாலாவது வெளியே சொல்லிக்கொள்ளலாம். பஞ்சரான வண்டிக்குப் பயந்திருக்கிறேன்.

செயலியில் வீட்டைத் தேடினேன். பெயர் சாம்பல் நிறமாகிவிட்டது. "அருகில் இதே போன்ற இடங்கள்" என்று மூன்று வீடுகளைக் காட்டுகிறது. ஒன்று என் தங்கை வீடு. அதற்கு அவளே ஐந்து போட்டுக்கொண்டிருக்கிறாள்.

அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: "தகவல் தவறா? நேரில் சென்று பார்த்தவர்கள் தெரிவிக்கலாம்." தெருமுனையில் நின்றே தெரிவிக்க அது விடும். நான் விடப்போவதில்லை. போனை இங்கே அறையிலேயே வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன்.

பஞ்சர் ஒட்டும் சாமானும் கொண்டுவருகிறேன். கதவைத் தட்டுவேன். நீ திறக்கிறவரை வாசலில் உட்கார்ந்து உன் அண்ணன் வண்டிக்கு ஒட்டிக்கொண்டிருப்பேன். இரண்டு சக்கரத்துக்கும்.

உன்
வீட்டுக்காரர்